மூத்த தொழிலாளரும் வேலை அமைப்பும்

நம் நாட்டில் முதியோரின் தொகை வேகமாகப் பெருகி வருகிறது. 1961ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேர் இருந்தனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தொகை 10 கோடியே 38 லட்சமாக உயர்ந்தது; மொத்த மக்கள் தொகையில் இது 8.6 சதவிகிதம். கேரளத்தில் இந்த விகிதம் 12.6 ஆகவும், தமிழ்நாட்டில் 10.4 ஆகவும், பஞ்சாபில் 10.3 ஆகவும் இருந்தது.

மத்திய அரசாங்க ஊழியர் ஓய்வு பெறும் வயது 1962இல் 55இலிருந்து 58 ஆகவும், 1998இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஆனால் இத்தகைய வயது வரம்பு மாதச் சம்பளம் பெறுவோருக்கே பொருந்தும். வயலிலும், கட்டட வேலையிலும், தறியிலும், தோட்டத்திலும் உழைப்போரில் பெரும்பாலோருக்கு ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று இல்லை. உடலில் வலு உள்ளவரை உழைக்கிறார்கள். உழைக்க இயலாத நாளில் வருமானமும் நின்றுவிடுகிறது.

ஆகவே, ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் இன்னும் எத்தனை ஆண்டுகள் திறமையுடன் வேலை செய்ய முடியும் என்பது அவருடைய குடும்பத்தின் வாழ்வையே பற்றிய வினாவாகும். அவரது உடல்நிலை ஒன்றே இதற்கு விடை கூறும் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. உண்மையில் உடல்நிலை பாதி விடைதான். மறு பாதி வேலையின் அமைப்பில் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல உடல் மாறுகிறது; மேசையின் உயரமும், விளக்கின் ஒளியும், மூட்டையின் எடையும், இயந்திரத்தின் வேகமும் மாறாமல் இருக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே விழும் இடைவெளியே பல வேளைகளில் ‘முதுமைத் தளர்ச்சி’ என்று பெயர் பெறுகிறது. அந்த இடைவெளியைச் சிறு செலவில் பெருமளவு குறைக்க முடியும் என்பதைப் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அவற்றின் முடிவுகளையும், அவற்றை நம் வேலையிடங்களில் கையாளும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வயதோடு வரும் மாறுதல்கள்

முதலில் மாறுதலை உணர்த்துவது கண். கண்ணினுள் இருக்கும் வில்லை இளமையில் நெகிழ்ச்சியுடன் இருக்கும். அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது தன் வளைவைக் கூட்டிக்கொள்ளும். வயது ஏற ஏற அது இறுகி விடுவதால் அருகிலுள்ள பொருள் மங்கலாகத் தோன்றுகிறது. பத்து வயதுச் சிறுவன் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் தூரத்திலுள்ள எழுத்தையும் தெளிவாகக் காண்பான்; 40 வயதில் இத்தூரம் ஏறத்தாழ 22 சென்டிமீட்டராகவும், 50 வயதில் 40 சென்டிமீட்டராகவும் நீண்டு விடுகிறது. இதனையே மக்கள் வெள்ளெழுத்து என்கின்றனர். சாளேசரம் என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. நாற்பதைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. எந்த வயதில் இக்குறை தொடங்கும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

கண்ணுக்குள் புகும் ஒளியும் குறைகிறது. பாவை சுருங்குவதாலும், வில்லை மஞ்சள் நிறம் பெறுவதாலும், 20 வயதினரின் விழித்திரையில் விழும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே 60 வயதினரின் விழித்திரையைச் சேருகிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டான இடத்துக்குச் சென்றால் கண் பழகுவதற்கு அதிக நேரமாகிறது. கூசும் ஒளியும் முன்னைவிட அதிகமாகத் துன்புறுத்துகிறது.

செவியில் முதலில் குறைவது கீச்சொலிகளைக் கேட்கும் ஆற்றல். இரைச்சல் மிகுந்த ஆலையில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கு, இரைச்சலால் உண்டான கேடும் வயதால் உண்டான குறையும் சேர்ந்துகொள்கின்றன. பேச்சொலி காதில் விழும். ஆனால் மெய்யெழுத்துக்களின் வேறுபாடு தெளிவாக விளங்காது. ‘சொன்னதைக் கேட்பதில்லை’ என்று மூத்த தொழிலாளர்மீது சாட்டப்படும் குற்றத்துக்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

தசையின் வலு 25 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையே உச்சத்தில் இருந்து, பின்னர் மெதுவாகக் குறைகிறது. இருதயமும் நுரையீரலும் சேர்ந்து உடலுக்கு அளிக்கக்கூடிய பிராணவாயுவின் உச்ச அளவு, 30 வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 சதவிகிதம் குறைகிறது. இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். எட்டு மணி நேர வேலையில் ஒருவர் தம் உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடர்ந்து செலவிடலாகாது என்பது தொழில் உடலியலார் கைக்கொள்ளும் பொது விதி. ஒரு வேலைக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர் பிராணவாயு தேவை எனக் கொள்க. 25 வயதில் உச்ச அளவு 3 லிட்டர் உடைய ஒருவருக்கு இவ்வேலை சரியாக மூன்றில் ஒரு பங்கு. அவரே 55 வயதை அடையும்போது உச்ச அளவு ஏறத்தாழ 2.2 லிட்டராகக் குறைந்திருக்கும். அதே வேலை இப்போது அவருடைய சக்தியில் 45 சதவிகிதத்தை உறிஞ்சுகிறது. வேலையில் ஒரு மாற்றமும் இல்லை. ஆயினும் அவரைப் பொறுத்தமட்டில் அது கடினமான வேலையாகிவிட்டது.

இவற்றோடு இன்னும் சில மாறுதல்களையும் கருத வேண்டும். வெப்பத்தில் வியர்வை சுரப்பதும் தோலுக்கு இரத்தம் பாய்வதும் மந்தமாகின்றன. தாக உணர்ச்சியும் குறைகிறது. உடல் சமநிலை தவறினால் நிமிர்ந்து கொள்வதற்கு நேரமாகிறது. மூத்த தொழிலாளர் இளைஞரைவிடக் குறைவாகவே விபத்துக்கு உள்ளாகின்றனர் எனினும், அடிபட்டால் காயம் கடுமையாக இருக்கிறது; ஆறுவதற்கும் அதிக நாள் பிடிக்கிறது.

அனுபவம் ஈடு செய்யும் விதம்

இம்மாறுதல்களை மட்டும் படித்தவர்கள், மூத்த தொழிலாளியின் வேலைத் திறனும் இதே அளவில் குறைந்துவிடும் என்று முடிவு கட்டக்கூடும். அது தவறு. அமெரிக்க உளவியலறிஞர் டிமத்தி சால்ட்ஹவுஸ் 1984இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இதற்குத் தக்க சான்றாகும். 19 வயது முதல் 72 வயது வரையுள்ள தட்டெழுத்தாளர்களை அவர் சோதித்தார். விளக்கு எரிந்தவுடன் விசையை அழுத்துவது போன்ற எளிய சோதனைகளில் மூத்தவர்கள் மெதுவாகவே இருந்தனர். ஆனால் தட்டெழுத்து வேகத்தில் இளையவர்களுக்கு அவர்கள் பின்தங்கவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது, மூத்தவர்களின் கண் விரலைவிட வெகு தூரம் முன்னே சென்று, வரப்போகும் எழுத்துக்களைப் படித்துக்கொண்டிருப்பது தெரிய வந்தது. விரலின் வேகக் குறைவை முன்னறிவால் ஈடு செய்து கொண்டனர். முன்னே உள்ள எழுத்துக்கள் கண்ணில் படாதவாறு மறைத்தபோது அவர்களுடைய வேகம் இளையவர்களைவிட அதிகமாகக் குறைந்தது.

இச்சோதனையில் அடங்கியுள்ள பாடம் பெரிது. அனுபவசாலி தம் குறையை ஈடு செய்து கொள்ள வேண்டுமானால், முன்கூட்டிப் பார்ப்பதற்கும் திட்டமிடுவதற்கும் வேலை இடம் கொடுக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1946 முதல் 1956 வரை நஃபீல்டு அறக்கட்டளையின் ஆதரவில், ஏ. டி. வெல்ஃபோர்டு தலைமையில் இயங்கிய ஆராய்ச்சிக் குழுவும் இதையொத்த முடிவுக்கே வந்தது. உடல் வருந்தும் வேலையைக்கூட மூத்தவர்கள் தாமே வேகத்தை வகுத்துக்கொள்ளக் கூடுமாயின் நன்கு செய்கின்றனர். இயந்திரமோ நகரும் பட்டையோ வேகத்தை வகுக்கும் வேலைகளில்தான் அவர்கள் அதிகம் இடர்ப்படுகின்றனர். ஆகவே ‘கனமான வேலையா, இலேசான வேலையா’ என்று கேட்பதோடு, ‘யாருடைய வேகத்தில் நடக்கும் வேலை’ என்றும் கேட்க வேண்டும்.

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நடந்த சோதனை

நம் நாட்டிலேயே நடந்த ஒரு சோதனை உலகெங்கும் கவனிக்கப்பட்டது. கொழுந்து பறிப்பதற்குக் கண்ணும் கையும் ஒன்றாக இயங்க வேண்டும். இளந்தளிரை முற்றிய இலையிலிருந்து பிரித்தறிந்து விரைவாகக் கிள்ள வேண்டும். வெள்ளெழுத்து உண்டானவர்களுக்குக் கையெட்டும் தூரத்திலுள்ள தளிர் மங்கலாகத் தெரிகிறது. தடவிப் பார்த்துப் பறிப்பதால் நேரமாகிறது. முற்றிய இலையும் கலந்துவிடுகிறது. தோட்டங்களில் நாள் ஒன்றுக்கு இவ்வளவு எடை என்று வரையறுத்து, அதற்குமேல் பறிப்பதற்கு மிகைக்கூலி கொடுப்பது பொதுவான வழக்கம். ஆதலால் கண் மங்கினால் கூலியும் குறையும்.

2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நவம்பர் வரை அஸ்ஸாமில் நடந்த இச்சோதனையில், 40 வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளர் சேர்க்கப்பட்டனர். அனைவருக்கும் வெள்ளெழுத்து இருந்தது. தூரப் பார்வை நன்றாக இருந்தது. சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் அவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு உடனே கிட்டப் பார்வைக்கான கண்ணாடி இலவசமாக வழங்கப்பட்டது. மற்றக் குழுவினருக்குச் சோதனை முடிந்த பின்னர் வழங்கப்பட்டது. ஒவ்வொருவரும் நாள்தோறும் பறித்த கொழுந்தின் எடை குறிக்கப்பட்டது.

கண்ணாடி பெற்ற குழுவினர் நாளொன்றுக்குச் சராசரியாக 25.0 கிலோகிராமிலிருந்து 34.8 கிலோகிராமுக்கு உயர்ந்தனர். கண்ணாடி பெறாத குழுவினரும் 26.0 கிலோகிராமிலிருந்து 30.6 கிலோகிராமுக்கு உயர்ந்தனர். கண்ணாடி இன்றியும் ஏற்பட்ட இவ்வுயர்வைக் கழித்த பின்னர் எஞ்சும் ஏறத்தாழ 5¼ கிலோகிராமே கண்ணாடியின் பயன். இது 21.7 சதவிகித உயர்வுக்குச் சமம். 50 வயதைக் கடந்தவர்களிடம் இப்பயன் 31.6 சதவிகிதமாக இருந்தது. முடிவுகள் 2018இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ என்னும் மருத்துவ இதழில் வெளியாயின. வங்காள தேசத்தில் நுணுக்க வேலை செய்யும் 35 முதல் 65 வயது வரையுள்ளோரிடையே நடந்து 2024இல் வெளியான மற்றொரு சோதனையில், கண்ணாடி பெற்றவர்களின் மாத வருமானம் எட்டு மாதங்களுக்குப் பின் மற்றவர்களினும் 33.4 சதவிகிதம் அதிகமாக இருந்தது.

இரண்டாவது குழு ஒன்று இல்லாமல் இச்சோதனை நடந்திருந்தால், 25இலிருந்து 34.8 வரை உயர்ந்த உயர்வு முழுவதையும் கண்ணாடியின் பெருமையாகக் கருதிப் பிழைபட்டிருப்போர் பலர். ஒப்பு நோக்கும் குழுவின் அவசியத்தை மாணவர்களுக்கு விளக்க ஆசிரியர்களுக்கு இது நல்ல உதாரணம்.

டிங்கோல்ஃபிங் தொழிற்சாலையின் அனுபவம்

தொழிற்சாலையில் செய்யக்கூடியதற்கு ஜெர்மனியிலிருந்து ஓர் உதாரணம் கிடைக்கிறது. பவேரியா மாநிலத்தில் டிங்கோல்ஃபிங் என்னும் ஊரிலுள்ள பி.எம்.டபிள்யூ. கார்த் தொழிற்சாலையில், தொழிலாளரின் சராசரி வயது 39இலிருந்து பத்தாண்டுகளில் 47 ஆக உயரும் என்று 2007இல் கணிக்கப்பட்டது. அந்நிலையை முன்கூட்டியே அறிந்துகொள்ளும் பொருட்டு, காரின் பின்அச்சுக்கான பற்சக்கரப் பெட்டிகளைப் பொருத்தும் ஒரு வரிசையில், சராசரி வயது 47 ஆக இருக்குமாறு 42 தொழிலாளர் அமர்த்தப்பட்டனர். எங்கெங்கே வலிக்கிறது, எந்த வேலை சிரமம், எதை மாற்றலாம் என்று அவர்களிடமே கேட்கப்பட்டது.

அவர்கள் கூறிய யோசனைகளின்படி ஏறத்தாழ 70 சிறு மாறுதல்கள் செய்யப்பட்டன. சிமெண்டுத் தரைமீது மரப்பலகைத் தரை இடப்பட்டது. முழங்கால் மூட்டில் விழும் அதிர்ச்சி குறைந்தது. சில இடங்களில், முடி திருத்தும் நிலையங்களில் உள்ளவை போன்ற நாற்காலிகள் வைக்கப்பட்டன. தொழிலாளர் மாறி மாறி நிற்கவும் உட்காரவும் முடிந்தது. உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய மேசைகள், பூதக்கண்ணாடிகள், பெரிய கைப்பிடியுள்ள கருவிகள், பெரிய எழுத்துக்கள் ஆகியன வந்தன. ஒரே தசை நாள் முழுவதும் வருந்தாமலிருக்க, வேலை நேரத்துக்குள்ளேயே இடம் மாற்றிக்கொள்ளும் முறை ஏற்பட்டது. உபகரணங்களுக்கான செலவு ஏறத்தாழ 20,000 யூரோதான். ஓராண்டில் அவ்வரிசையின் உற்பத்தித் திறன் 7 சதவிகிதம் உயர்ந்து, இளைஞர் வேலை செய்யும் வரிசைகளுக்கு ஈடாயிற்று; நோயினால் வராமலிருப்போரின் விகிதமும் குறைந்தது.

இது ஒரே ஒரு வரிசையின் அனுபவம். அஸ்ஸாம் சோதனையைப்போல ஒப்பு நோக்கும் குழுவுடன் வகுக்கப்பட்டதன்று. ஆயினும் மாறுதல்களில் பெரும்பாலானவை வேலை செய்வோரின் வாயிலிருந்தே வந்தன என்பது கவனிக்கத்தக்கது. பின்லாந்தில் நகராட்சித் தொழிலாளர் 6,000க்கு மேற்பட்டோரை 1981 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த யுஹானி இல்மரினென் முதலிய அறிஞர்களும் இதையொத்த உண்மையைக் கண்டனர். வயது ஏறியும் வேலைத் திறன் உயர்ந்தவர்களிடையே மூன்று காரணங்கள் முக்கியமாகக் காணப்பட்டன: மேற்பார்வையாளரின் மனப்பான்மை நல்லவிதமாக மாறியமை, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை குறைந்தமை, ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி மிகுந்தமை.

வேலையிடத்தில் செய்யத்தக்கவை

ஒளி: நுணுக்கமான வேலை நடக்கும் இடத்தில் ஒளியைக் கூட்ட வேண்டும். கூரையில் பெரிய விளக்குகளை மாட்டுவதைவிட, வேலைக்கு அருகில் மறைப்புடன் கூடிய சிறு விளக்கு ஒன்றை வைப்பது சிக்கனமானது. சிறிய விளக்கு ஒன்றை இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து ஒரு மீட்டர் தூரத்துக்குக் கொண்டுவந்தால், அதனால் விழும் ஒளி நான்கு மடங்காகும். விளக்கு நேரே கண்ணில் படலாகாது. சுவர்களுக்கு வெள்ளை அடிப்பதும், சன்னல் கண்ணாடிகளைத் துடைப்பதும் செலவு மிகக் குறைந்த முறைகள். மாடிப்படியின் விளிம்பில் தீட்டும் ஒரு மஞ்சள் கோடு பல எலும்பு முறிவுகளைத் தடுக்கக்கூடும்.

இருக்கை: நின்றுகொண்டே செய்யும் வேலைகளில் இடையிடையே உட்கார வசதி வேண்டும். உட்கார்ந்தே செய்யும் வேலைகளில் எழுந்து நடக்க நேரம் வேண்டும். வேலை செய்யும் பரப்பு முழங்கை உயரத்தை ஒட்டி இருப்பது பொதுவாக நல்லது. மேசையை மாற்ற முடியாவிடில், குட்டையானவர் நிற்க ஒரு பலகையும் நெட்டையானவரின் பொருளுக்கு அடியில் ஒரு கட்டையும் வைத்தால் போதும்.

பாரம்: நம் நாட்டில் சிமெண்டும் தானியமும் பெரும்பாலும் 50 கிலோகிராம் மூட்டைகளாக வருகின்றன. இம்மூட்டையை இருவர் தூக்கலாம், கைவண்டியில் தள்ளலாம், சரிவுப் பலகை அமைக்கலாம். தரையில் அடுக்குவதற்குப் பதிலாக இடுப்பு உயரத் திண்ணையில் அடுக்கினால், குனிந்து தூக்கும் சிரமம் நீங்கும். பிடிப்பதற்குக் கைப்பிடி உள்ள பெட்டி, கைப்பிடி இல்லாத அதே எடையுள்ள பெட்டியைவிட எளிதில் தூக்கப்படும்.

ஒலி: அபாய மணி கீச்சொலியாக மட்டும் இருக்கலாகாது. தாழ்ந்த சுருதியுள்ள ஒலியுடன் மின்னி எரியும் விளக்கும் சேர்ந்திருக்க வேண்டும். கட்டளைகளை இயந்திரத்தின் இரைச்சலுக்கு இடையே கூவாமல், முகத்துக்கு நேரே நின்று சொல்ல வேண்டும். இயன்றால் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

நேரம்: கடினமான பகுதியைக் காலையிலே முடித்துக்கொள்ள விடுவதும், நீண்ட ஓய்வு ஒன்றைவிடச் சிறு ஓய்வுகள் பல கொடுப்பதும் நலம். தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல், வெயில் காலத்தில் குறித்த இடைவேளைகளில் நீர் அருந்தச் சொல்ல வேண்டும். இரவு முறை வேலையை இளைஞரைவிட மூத்தவர்களின் உடல் குறைவாகவே தாங்குகிறது. முறை மாற்றம் தவிர்க்க முடியாததாயின் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் முன்னோக்கி மாற்றுவது, பின்னோக்கி மாற்றுவதைவிட எளிதில் தாங்கத்தக்கது. நீரிழிவு உடையவர்களுக்கு உணவு வேளை தவறாமையும், கழிப்பிடம் அருகில் இருப்பதும் அவசியம்.

வீட்டிலே தொழில் செய்வோருக்கு மேலாளரும் இல்லை, பொறியாளரும் இல்லை. பீடி சுற்றுவோர், பூத்தையல் செய்வோர், நெசவாளர் ஆகியோரிடம் இம்மாறுதல்களை எடுத்துச் செல்லக்கூடியவர் கள ஊழியரே. தறிக்கு மேலே உள்ள கூரையில் ஓர் ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதிப்பதும், சுவரில் சாய்ந்துகொள்ளும்படி இருக்கையை நகர்த்துவதும், ஊசிக்காரரை வாசல் வெளிச்சத்தில் அமரச் செய்வதும் சிறு காரியங்களே.

மூத்தவர்களுக்குக் கற்பிக்கும் முறை

புதிய இயந்திரம் வரும்போது மூத்த தொழிலாளரைப் பயிற்சிக்கு அனுப்பாமல் விடுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. சில ஆண்டுகளுக்குப் பின் ‘இவருக்குப் புதிய வேலை தெரியாது’ என்று காரணம் கூறப்படுகிறது. மூத்தவர்கள் கற்கமாட்டார்கள் என்பது ஆதாரமற்ற கருத்து. அவர்கள் கற்கும் விதம் சற்று மாறுபடுகிறது. இங்கிலாந்தில் யூனிஸ் பெல்பின் முதலியோர் 1950களிலும் 1960களிலும் செய்த ஆராய்ச்சிகள், மூத்தவர்கள் விதிகளைக் கேட்டு மனப்பாடம் செய்வதைவிட, செய்து பார்த்துத் தாமே விதியைக் கண்டறியும் முறையில் நன்கு கற்கின்றனர் என்று காட்டின. நேரக் கெடு வைத்து விரட்டாமை, இளைஞருடன் போட்டியிட வைக்காமை, முதல் தடவையிலேயே தவறான பழக்கம் படியாதபடி படிப்படியாகக் கொண்டு செல்லுதல், ஏற்கெனவே தெரிந்த தொழிலோடு புதியதை இணைத்துக் காட்டுதல் ஆகியன இம்முறையின் உறுப்புக்கள். வயது வந்தோர் கல்வி வகுப்புகளை நடத்தும் ஆசிரியர்களும், விவசாயிகளுக்குச் செயல்முறை விளக்கம் அளிப்போரும் இதனை அப்படியே பின்பற்றலாம்.

பள்ளியில் செய்யத்தக்க ஒரு சோதனையும் உண்டு. மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள பல வயதினரிடம் சிறு எழுத்துள்ள ஒரு சீட்டைக் காட்டி, கண்ணாடி அணியாமல், அதை மெல்லக் கண்ணருகே கொண்டுவரச் செய்ய வேண்டும். எழுத்து மங்கத் தொடங்கும் தூரத்தை அளவுகோலால் அளந்து, வயதுடன் சேர்த்து எழுதிவர வேண்டும். வகுப்பில் எல்லா அளவுகளையும் வரைபடத் தாளில் குறித்தால், நாற்பது வயதை ஒட்டிக் கோடு மேல்நோக்கி வளைவது தெளிவாகப் புலப்படும். கிட்டப் பார்வைக்கான கண்ணாடி யாருக்குத் தேவை என்பதும் தெரிந்துவிடும். தூரத்திலுள்ள பொருளும் மங்கித் தெரிபவர்களுக்குக் கண்புரை முதலிய நோய் இருக்கக்கூடும். அவர்களைக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

சட்டம் கூறுவது

வேலையைத் தொழிலாளிக்கு ஏற்ப அமைக்க வேண்டும் என்னும் கொள்கையை, சர்வதேசத் தொழில் நிறுவனம் 1980ஆம் ஆண்டில் மூத்த தொழிலாளர் பற்றி நிறைவேற்றிய 162ஆம் பரிந்துரை ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவே, நின்று வேலை செய்வோருக்கு வாய்ப்பு நேரும்போது உட்கார வசதி அளிக்க வேண்டும் என்று விதித்தது. கடைகளில் வேலை செய்வோருக்கு இவ்வுரிமையைக் கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டமாக்கின. தொழிற்சாலைச் சட்டம் உள்ளிட்ட பல சட்டங்களை ஒன்று சேர்த்த 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. 40 வயதைக் கடந்த தொழிலாளருக்கு ஆண்டுதோறும் கட்டணமின்றி மருத்துவப் பரிசோதனை என்னும் ஏற்பாடு இப்புதிய அமைப்பில் இடம் பெற்றுள்ளது. அப்பரிசோதனையில் கிட்டப் பார்வையையும் செவியையும் தவறாது சோதிக்குமாறு கேட்பது கள ஊழியரின் கடமையாகும்.

கள ஊழியர் கேட்க வேண்டிய வினாக்கள்

வேலையிடத்தைப் பார்வையிடும்போது கீழ்க்காணும் வினாக்களைக் கையில் வைத்துக்கொள்வது பயன் தரும்.

1. நாற்பது வயதைக் கடந்தவர்களில் எத்தனை பேர் கிட்டப் பார்வையைச் சோதித்துக்கொண்டுள்ளனர்?
2. வேலை நடக்கும் இடத்தில் ஒளி போதுமா? விளக்கு கண்ணில் கூசுகிறதா?
3. உட்காரவும் நிற்கவும் மாறி மாறி வாய்ப்பு உண்டா?
4. தரையிலிருந்தோ தோளுக்கு மேலிருந்தோ தூக்க வேண்டிய பாரம் எது? அதை இடுப்பு உயரத்தில் வைக்க முடியுமா?
5. வேலையின் வேகத்தை வகுப்பவர் தொழிலாளியா, இயந்திரமா?
6. தரை வழுக்குகிறதா? படியின் விளிம்பு தெரிகிறதா? கைப்பிடி உண்டா?
7. குடிநீரும் கழிப்பிடமும் எவ்வளவு தூரத்தில் உள்ளன?
8. கடைசியாக நடந்த பயிற்சிக்கு ஐம்பது வயதைக் கடந்தவர்கள் அனுப்பப்பட்டார்களா?
9. ‘இந்த வேலையில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?’ என்று வேலை செய்பவரிடம் யாரேனும் கேட்டதுண்டா?

எல்லா வேலையையும் எல்லா வயதினருக்கும் ஏற்றதாக்கிவிட முடியும் என்று கருதுவதற்கில்லை. நீண்ட காலக் கடும் உழைப்பால் மூட்டும் முதுகும் தேய்ந்தவர்களுக்கு இலேசான வேலையோ, முதியோர் உதவித் தொகையோ, ஓய்வோ தேவைப்படும். வேலை அமைப்பைத் திருத்துவது ஓய்வு வேண்டுவோரை மேலும் உழைக்கக் கட்டாயப்படுத்தும் சாக்காகிவிடலாகாது. ஆனால் உழைக்க விருப்பமும் தேவையும் உடைய ஒருவர், ஒரு கண்ணாடி இல்லாத காரணத்தாலோ ஒரு முக்காலி இல்லாத காரணத்தாலோ தகுதியற்றவர் என்று ஒதுக்கப்படுவது குடும்பத்துக்கும் நாட்டுக்கும் நஷ்டம். ஒரு தொழிலாளி தளர்ந்துவிட்டார் என்று முடிவு செய்வதற்கு முன்னர், அவருடைய வேலையை அரை மணி நேரம் அருகில் நின்று கவனித்தல் வேண்டும். திருத்த வேண்டியது எது என்பது பெரும்பாலும் அந்த அரை மணிக்குள் தெரிந்துவிடும்.